மூன்று மில்லிமீட்டர்

"பெரியப்பா, இதுல பாத்தா அப்பா எங்கயோ தூரமாப் போயிட்டாரே, நெசமாவே போயிட்டாரா?" என்று தாரணி ஒருமுறை என்னிடம் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. என் கடை மேசைமீது ஏறி உட்கார்ந்து, பழுது பார்க்க வந்திருந்த பைனாகுலர் ஒன்றைத் திருப்பிப் பிடித்து, வாசலில் நின்ற தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை வாங்கி நேராகக் கொடுத்தேன். "இப்பப் பாரு. வந்துட்டாரா?" வந்துவிட்டார். அவள் சிரித்தாள். ஆயக்குடிக் கொய்யா ஒன்றை நறுக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுக் கொடுத்தேன். குழந்தைகளிடம் நான் பொறுமையாகப் பேசுவேன். கொடைக்கானலில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

என் பெயர் பொன்னுவேல். பழனிக்காரன். கொடைக்கானலில் ஏழு ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, கேமராவும் பைனாகுலரும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறக்கும் முன் ஜன்னல் விளிம்பில் குருவிகளுக்குத் தண்ணீர் வைப்பேன். எறும்புகளுக்கு ஒரு சிட்டிகை ரவை போடுவேன். கார்த்திகை தவறாமல் விரதம் இருப்பேன், தைப்பூசத்துக்கு மலையிலிருந்து நடந்தே பழனிக்கு இறங்குவேன். மழையில் நனைந்து நிற்பவரைக் கண்டால் என் குடையைக் கொடுத்துவிட்டு நான் நனைந்து வந்துவிடுவேன். உலகம் பெரிய தருமங்களால் நிற்பதில்லை, சின்னச் சின்ன இரக்கங்களால்தான் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். நடந்ததற்குப் பிறகும் அந்த நம்பிக்கையில் மாற்றம் இல்லை.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

பறவைகளைப் படமெடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். புதிதாக வாங்கும் விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம். அதனால் பலர் பிலிம் காலத்துப் பழைய லென்ஸைத் தேடி வாங்கிவருகிறார்கள். அது இன்றைய கேமராவில் பொருந்தாது. நடுவில் ஒரு வளையம் வேண்டும். அந்த வளையத்தைப் பித்தளையில் கடைந்து கொடுப்பது நான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூட அனுப்புகிறார்கள், வேலைக்குக் குறைவில்லை. வளையத்தின் தடிமன்தான் எல்லாம். கொஞ்சம் தடித்தால் தூரத்து மலை தெளியாது. கொஞ்சம் மெலிந்தால் கிட்டத்தில் இருப்பது தெளியாது.

அந்த லென்ஸ்கள் தாமாகக் குறி பார்க்காது. கையால்தான் திருகித் தெளிவுபடுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைவிடப் பக்கத்தில் பறவை வந்து உட்கார்ந்தால், மேலே திருக முடியாமல் முட்டி நின்றுவிடும், படம் மங்கலாகவே இருக்கும். அப்போது என்ன செய்வது? கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓர் அடி பின்னால் போக வேண்டும். பழகியவர்கள் யோசித்துச் செய்வதில்லை. கை முட்டினால் கால் தானாகப் பின்னால் போகும்.

தாரணியின் அப்பா ராஜமுருகனுக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மார்க்கெட் விடுமுறை நாளில் வெள்ளனே கிளம்பி, பழனி மலைப்பாதை வழியாகப் பெருமாள்மலைக்கு வந்துவிடுவார். நான் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்குவேன். சேக் பரீதுவின் டீக்கடையில் சந்தித்து, அங்கிருந்து சோலைக்குள் நடப்போம். ஐந்து வருஷப் பழக்கம்.

அவருடையதும் நான் வளையம் கடைந்து கொடுத்த பழைய லென்ஸ்தான், முழங்கை நீளம் இருக்கும். பரீது பாய்க்கு அதைப் பார்த்தாலே வேடிக்கை.

"குருவியப் படம் புடிக்க இம்புட்டுப் பெரிய குழாயா? அப்ப யானைக்கு என்னத்தத் தூக்கிட்டு வருவீக?"

"யானைக்குக் கேமராவே வேணாம் பாய். கிட்டப் போனாப் போதும், அதுவே நம்மளப் புடிச்சுக்கும்."

"பொன்னுவேலண்ணே, இவரு வாயிக்கு ஒரு மூடி கடைஞ்சு குடுங்க. பித்தளையே வேணாம், தகரம் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராஜமுருகனை எல்லோருக்கும் பிடிக்கும். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் படமெடுக்க வருகிற கூட்டத்தை எனக்குப் பிடிக்காது. சட்டையில் பத்துப் பை வைத்துக்கொண்டு வருகிறார்கள். செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு, பாவம், இணையைத் தேடி அது அலைவதைப் படமெடுக்கிறார்கள். கூட்டை மறைத்திருக்கும் தழையை வெட்டி வெளிச்சம் வரவைக்கிறார்கள். படத்துக்குப் பரிசு கிடைக்கிறது; மறுநாள் காக்கை வந்து குஞ்சுகளைக் கொத்திக்கொண்டு போகிறது. அதை யாரும் படமெடுப்பதில்லை. என் கடைச் சுவரில் ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: 'கூட்டை நெருங்குபவர்களுக்கு இங்கே வேலை செய்து தரப்படாது.' அவர்களுடைய லென்ஸைத் துடைத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவர்கள் கண்ணை ஒருமுறை துடைத்துவிட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றும். நான் சாந்தமானவன். வெறுப்பு என்பது சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இந்த வருஷம் பங்குனியில் சோலையின் ஓரத்தில் ஈப்பிடிப்பான் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. கருப்புச் சிறகும் ஆரஞ்சு வயிறுமாக, கட்டைவிரல் பருமனுள்ள குருவி. பெரணிச் செடிகளுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில், பந்துபோல ஒரு கூடு. ஒருநாள் டீக்கடையில் ராஜமுருகன் தன் செல்போனை என் பக்கம் நகர்த்தினார். அந்தக் கூட்டின் படம். முன்னால் ஒரு தழைகூட இல்லை. கூட்டின் வாயும் இரண்டு முட்டைகளும் பளிச்சென்று தெரிந்தன. வெட்டுப்பட்ட இரண்டு காம்புகளும் தெரிந்தன.

"தழைய யாரு வெட்டுனது?" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"யாரோ ஒரு ஆசையில வெட்டிட்டாங்கண்ணே. விடுங்க. அவுகளுக்கே மனசு உறுத்தும்."

குற்றவாளிகள் இப்படித்தான் பேசுவார்கள். அடுத்த நாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். முட்டைகள் இல்லை. பக்கத்துத் தழைகளைக் கூட்டின்மேல் இழுத்து வாழைநாரால் கட்டியிருந்தது. மார்க்கெட்டில் கீரைக்கட்டு கட்டுகிற அதே வாழைநார். தப்பைச் செய்துவிட்டுப் பிறகு மூடி மறைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

சித்திரை கடைசியில் அதே ஜோடி வேறோர் இடத்தில் கூடு கட்டியது. அதைக் கண்டுபிடித்ததும் ராஜமுருகன்தான். எனக்கு மட்டும் சொன்னார்.

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்ணே. இந்தத் தடவ அஞ்சு மீட்டருக்குள்ள காலே வைக்கக் கூடாது. நம்ம லென்ஸும் அதுக்குள்ள பாக்காது. கிட்டப் போகவிடாத லென்ஸு, குருவிக்கு ரொம்ப நல்லது."

அந்த இடத்தைச் சொல்கிறேன். சோலை முடிந்து பாறை இறங்கும் ஓரம். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சி. புழுவோடு வரும் குருவி அதில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுத்தான் கூட்டுக்குள் போகும். குச்சியைப் பார்க்கத் தோதாக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் மரம், பின்னால் பள்ளம். பள்ளத்தின் விளிம்பு தெரியாதபடி புல் கவிந்திருக்கும். ராஜமுருகன் அஜாக்கிரதையான ஆள் இல்லை. நிற்கும் இடத்துக்குப் பின்னால், குதிகாலை ஒட்டித் தன் தோள்பையை வைத்துவிடுவார். "லாரிக்காரங்க சக்கரத்துக்குக் கட்டை போடுற மாதிரிண்ணே. பை முட்டுனா பிரேக்கு." அந்தப் பைக்குப் பின்னால் இரண்டடி மண் இருந்தது. அவர் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அதை அளந்து வைத்தேன்.

அந்த வாரம் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மலையின் ஈரத்துக்கு எல்லா லென்ஸிலும் பிடிக்கும். கண்ணாடிகளைப் பிரித்தெடுத்துத் துடைத்தேன். நல்ல வேலை, என் கையால் செய்த வேலைகளில் அது சிறந்தது என்றே சொல்லலாம். பிறகு வளையத்தைக் கழற்றி லேத்தில் மாட்டினேன். பழனி முருகனை நினைத்துக்கொண்டுதான் மாட்டினேன். மூன்று மில்லிமீட்டர் எடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஐந்து மீட்டரில் தெளிகிற லென்ஸ் இனி ஐந்தரைக்குச் சற்று முன்னால்தான் தெளியும். ஒன்றரை அடி வித்தியாசம். இன்னும் எடுத்திருந்தால் கையில் வாங்கியதுமே அவருக்குத் தெரிந்திருக்கும். தேவைக்கு மேல் எடுக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

அந்தக் காலையில் பெருமாள்மலையில் தூறிக்கொண்டிருந்தது. லென்ஸை டீக்கடையில் வைத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏ அப்பா, கண்ணாடி இருக்கா இல்லையான்னே தெரியலயேண்ணே. கைராசிக்காரரு நீங்க."

"கண்ணாடியத் தொலைச்சிட்டுத் தந்திருப்பாரு, நல்லாத் தொட்டுப் பாருங்க" என்றார் பரீது பாய். "மழை வருது, வெரசாப் போயிட்டு வெரசா வாங்க. வரும்போது வாழைக்காய் பஜ்ஜி போட்டு வைக்கேன்."

ஏழேகால் மணிக்கு அந்த இடத்தில் நின்றோம். அவர் பையை வைத்தார், குதிகால் படுகிறதா என்று பார்த்துக்கொண்டார், ஒற்றைக்கால் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவில் கண்ணை வைத்தார். நான் அவருக்கு வலப்பக்கம், மரத்தடியில் இருந்தேன். தூறல் கொஞ்சம் வலுத்தது. பை நனைந்துகொண்டிருந்தது. அதற்குள் தாரணிக்காக வாங்கிய கலர் பென்சில் டப்பா இருந்தது, டீக்கடையில் காட்டியிருந்தார்.

"பை நனையுதுப்பா, எடுத்து வைக்கேன்" என்றேன், மெதுவாக.

குருவி அப்போதுதான் புழுவோடு வந்து குச்சியில் உட்கார்ந்தது. அவர் தலையைக் கூட ஆட்டவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் சொன்னேன். சொல்லாமல் எடுக்கவில்லை. பையை மரத்தடியில், நனையாத இடத்தில் வைத்தேன்.

அவர் கை லென்ஸைத் திருகியது. முட்டியது. மறுபடி திருகினார், மறுபடி முட்டியது. "என்னாச்சு இதுக்கு" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். முன்னால் போக அவரால் முடியாது, போனாலும் பயனில்லை. பின்னால்தான் போவார் என்று எனக்குத் தெரியும். ஓர் அடி வைத்தார். பை முட்டாததால் இன்னும் இடம் இருக்கிறது என்று கால் நினைத்திருக்கும். இன்னோர் அடி வைத்தார்.

ஸ்டாண்டு கையைவிட்டு முன்பக்கமாகப் பெரணியில் சாய்ந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தில் கூடு இருந்ததால் நான் சத்தம் போடவில்லை. குருவி ஒருமுறை பறந்துவிட்டுத் திரும்பி வந்து குஞ்சுகளுக்கு ஊட்டியது. கீழேயிருந்து "அண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. சற்று நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டது. நான் கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொன்னேன். முடிக்கும்போது மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. பிறகு எழுந்து, கூட்டைச் சுற்றிக்கொண்டு, பெருமாள்மலைக்கு நடந்து போய்ச் சொன்னேன். ஓடினால் வழுக்கும் என்பதால் நடந்தே போனேன். பரீது பாய் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். எண்ணெயில் பஜ்ஜி கருகுவதைப் பார்த்து, அடுப்பை அணைத்தது நான்தான்.

போலீஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள். ஈரம், புல், பள்ளம், கண் கேமராவில். கால் வழுக்கியதாக எழுதிக்கொண்டார்கள். வளையத்தை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அளக்கத் தெரியாது. குஞ்சுகள் இரண்டும் பதினோராம் நாள் கூட்டைவிட்டுப் பறந்தன. அதையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எதையும் விடாமல் எழுதுவது என்று உட்கார்ந்திருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு சின்னக் கத்தரி உண்டு. கேமராவுக்குள் இருக்கும் நூல்போன்ற ஒயர்களை வெட்டுவதற்கானது. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருப்பேன். பங்குனியிலிருந்து அதைக் காணவில்லை. ராஜமுருகன் பூஞ்சைக்காக லென்ஸைக் கொடுத்தாரல்லவா, அந்த உறையின் பக்கப்பையில் அது இருந்தது. ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். காகிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. கத்தரியின் நுனியில் பெரணியின் பச்சைச் சாறு காய்ந்து கெட்டியாகியிருந்தது.

ராஜமுருகன் படம் காட்டுவதற்கு நான்கு நாள் முன்னால் அந்தக் கூட்டுக்கு நான் போயிருந்தேன். முட்டை இருக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டே இரண்டு தழைகள் மறைத்தன. அவற்றை மட்டும் வெட்டினேன். நான் படமெடுப்பதற்காக வெட்டவில்லை. அக்கறையோடு பார்ப்பதற்காக வெட்டினேன். இரண்டும் ஒன்றல்ல. அப்போது எங்கோ கத்தரியைத் தவறவிட்டிருக்கிறேன். ராஜமுருகன் அதைக் கூட்டின் அடியில் கண்டெடுத்திருக்கிறார். மற்ற தழைகளை இழுத்துக் கட்டி மூடியிருக்கிறார். என்னிடம் செல்போனை நகர்த்தி என் முகத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு விடுங்கண்ணே என்று சொல்லியிருக்கிறார்.

லேத்தில் வளையத்தை மாட்டியதற்கு முன்தினம் அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். யோசிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் இருந்தது. ஒருவன் திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்தும் மன்னித்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் எதிரில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுப்பவனை என்ன செய்வது? அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் எனக்குப் பெரிய துன்பமாக இருந்தது. ஆனால் நான் செய்தது அதற்காக அல்ல. குருவிகளுக்காகத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி புவனா, தாரணியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் லென்ஸ் உறை.

"இத வித்துரலாம்னுதான் நெனச்சேண்ணே. இவ விட மாட்டேங்கிறா. அப்பா மாதிரி நானும் குருவி பாக்கப் போறேங்கிறா. நீங்க ஒருக்காப் பாத்துக் குடுங்க. உங்களத் தவிர வேற யாரு மேலயும் அவுகளுக்கு நம்பிக்கை கெடையாது."

தாரணிக்கு இப்போது பதினொரு வயது. மேசைமீது ஏறி உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

"பெரியப்பா, அப்பா அன்னிக்குப் பைய வைக்க மறந்துட்டாராமே? எல்லாரும் சொல்றாங்க. அப்பா மறக்கவே மாட்டாரு பெரியப்பா."

"அன்னிக்கு மறந்துட்டாரும்மா" என்றேன். "மழை பாரு."

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஒரு குழந்தையின் மனம் ஆறட்டும் என்று சொல்வதைப் பொய்யில் சேர்க்க மாட்டார்கள். கொய்யா நறுக்கிக் கொடுத்தேன். அவள் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள், தின்னவில்லை.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினேன். சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, புதுப் பித்தளை எடுத்து, பழைய அளவுக்கே ஒரு வளையம் கடைந்தேன். அவரிடமிருந்து எடுத்த மூன்று மில்லிமீட்டரையும் முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, நான் யாரிடமும் சொல்லப் போவதுமில்லை. மெலிந்த வளையத்தை உருக்கிவிட்டேன். கத்தரி பழையபடி அதன் ஆணியில் தொங்குகிறது.

லென்ஸைக் கேமராவில் மாட்டி, கடையின் நீளத்தில் ஐந்து மீட்டர் அளந்து, ஜன்னலில் தண்ணீர் குடிக்க வந்த சிட்டு ஒன்றைப் பார்த்தேன். அதன் கண்ணில் ஜன்னல் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. மனம் லேசாகிவிட்டது. அந்தக் குழந்தை இனி ஓர் அடிகூடப் பின்னால் போக வேண்டியதில்லை.